குதிரை மணியும் கஞ்சிப் பானையும்: பரிசுத்தம் எங்கே இருக்கு?

போன வாரம் ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. எங்க சபை வாலிபர் குழுவோட கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியில இருந்து மேல ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்ட பலகை இருக்கும். முப்பதைத் தாண்டினதும் வேன்ல பாதி பேர் பாட்டை நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் சாஞ்சுட்டாங்க. எனக்கு வயிறு நல்லாத்தான் இருந்தது. மனசுதான் சரியில்ல.

அதுக்குக் காரணத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த எபிசோடோட தலைப்பு பரிசுத்தம். அதைப் பத்தி மத்தவங்களுக்குப் பேசறதுக்கு முன்னாடி நான் ஒரு விஷயத்தை ஒத்துக்கணும்.

ஆபீஸ்ல எங்க டீம்ல ஒரு ரிலீஸ். நான் ஓட்ட வேண்டிய டெஸ்ட் கேஸ் 40. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆயிடுச்சு. மறுநாள் காலையில சபையில பாடல் பயிற்சி, நான்தான் கீபோர்ட். 12 கேஸை ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியா வந்தது. மீதி 28-ஐ ஓட்டாமலே 'பாஸ்'னு போட்டுட்டு லேப்டாப்பை மூடிட்டேன். ஞாயித்துக்கிழமை கண்ணை மூடி, கையை உயர்த்தி, பரிசுத்தரைப் பாடினேன். திங்கட்கிழமை சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் பிடிச்சிருக்குன்னு புகார் வந்தது. அந்தக் கோடை மாத்தினது எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி. காலில் எல்லாரும் அவனைத்தான் கேள்வி கேட்டாங்க. டெஸ்ட் பாஸ் ஆயிருக்கே, அப்புறம் எப்படின்னு அவனுக்கே குழப்பம். நான் மைக்கை ம்யூட்ல போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதைச் சுமந்துக்கிட்டுத்தான் மலை ஏறினேன்.

நம்ம வீடுகள்ல பரிசுத்தம்னா என்னன்னு சின்ன வயசுலயே சொல்லிக் கொடுத்திருப்பாங்க. சினிமாவுக்குப் போகக் கூடாது. சில சபைகள்ல நகை போட மாட்டாங்க, பூ வைக்க மாட்டாங்க, வெள்ளை உடுத்துவாங்க. நான் இதைக் கேலி பண்ணல. என் பாட்டி அப்படித்தான் வாழ்ந்தாங்க, அவங்க சொன்ன சொல் மாறமாட்டாங்க. ஆனா என் விஷயத்துல நடந்தது வேற. நான் செய்யாத பாவங்களோட ஒரு பட்டியல் வெச்சிருந்தேன். குடிக்கல, சிகரெட் இல்ல, ஞாயிறு ஆராதனை தவறல. அந்தப் பட்டியல்ல 'ஓட்டாத டெஸ்டுக்குப் பாஸ் போடாதே'ன்னு ஒரு வரி இல்லவே இல்ல. அதனால எனக்கு உறுத்தக்கூட ரெண்டு நாள் ஆச்சு.

பைபிள்ல பரிசுத்தம்னு வர்ற எபிரேயச் சொல்லுக்குப் பிரித்து வைக்கப்பட்டதுன்னு அர்த்தம் சொல்வாங்க. நாம அதுல ஒரு பாதியை மட்டும் பிடிச்சுக்கறோம். எதுல இருந்து பிரிஞ்சு வந்தோம்னு கேக்கறோம், எதுக்காகப் பிரிச்சு வெச்சாங்கன்னு கேக்கறதில்ல.

இப்போ மலைக்கு வருவோம். கொல்லிமலைன்னா பலருக்கு அறப்பளீஸ்வரர் கோவில், ஆகாயகங்கை அருவி, வல்வில் ஓரி ஞாபகம் வரும். நாங்க போனது அந்த மலையில வாழ்ந்து அங்கேயே அடக்கமான ஒரு தம்பதியைத் தேடி. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட். பேர் கேள்விப்படாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன்.

ஜெஸ்ஸி 1907-ல் இங்கிலாந்துல இருந்து மிஷனரியா வந்தவர். கட்டட வேலை தெரியும், கொஞ்சம் மருத்துவமும் படிச்சிருந்தார். எவலின் லண்டன்ல வசதியான குடும்பத்துப் பொண்ணு, நல்லா ஓவியம் வரைவாங்க. 1913-ல் சேந்தமங்கலத்துல கல்யாணம். கல்யாணத்தன்னைக்கே, கொட்டுற மழையில, மலைக்குக் கிளம்பிட்டாங்க. அப்போ ரோடு கிடையாது, ஒத்தையடிப் பாதைதான். மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டு ஜனங்க அந்த மலைப்பக்கம் போகவே தயங்கின காலம் அது.

மேல போய் என்ன செஞ்சாங்கன்னு பார்த்தா ரொம்பச் சாதாரண வேலைகள். வீடு கட்டினாங்க, பள்ளிக்கூடம் நடத்தினாங்க, தச்சு வேலை சொல்லிக் கொடுத்தாங்க, மருந்து கொடுத்தாங்க. வருஷக்கணக்கா ஒருத்தர்கூடக் கிறிஸ்தவர் ஆகல. ஊர்ப் பூசாரி இவங்களை எதிர்த்தார், ஜனங்களும் ஒதுங்கியே இருந்தாங்க. அவங்க பக்கத்துல இருந்து யோசிச்சா அதுலயும் நியாயம் இருக்கு. வெள்ளைக்காரங்க ஆண்ட காலம். எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைக்காரர் நம்ம ஊர்ல நின்னு நம்ம சாமி சரியில்லைன்னு சொன்னா நாம என்ன பண்ணுவோம்?

முதல் உலகப் போர் முடியற சமயத்துல உலகம் முழுக்கப் பரவின விஷக் காய்ச்சல் மலையையும் தாக்கினது. கொரோனா காலத்தை நினைச்சுக்கோங்க. காய்ச்சல் வந்தவங்களைத் தொடவே பயந்து சொந்தக்காரங்களே விலகிப் போனாங்க. அதுக்கு அந்தக் காலத்துல மருந்தும் இல்ல. இவங்க ரெண்டு பேரும் அரிசிக் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையா எடுத்துட்டுப் போய், படுத்த படுக்கையா இருந்தவங்களுக்கு ஸ்பூன்ல ஊட்டினாங்க. எதிர்த்த பூசாரியும் அவர் மனைவியும் அதே காய்ச்சல்ல விழுந்தாங்க. சாகப் போறோம்னு தெரிஞ்சதும், தன் கைக்குழந்தையை இவங்கதான் வளர்க்கணும்னு அந்தப் பூசாரி சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத்னு பேர் வெச்சு வளர்த்தாங்க.

இதை நாம வழக்கமா 'அப்புறம் மலையில சபை உருவாச்சு' என்ற முடிவுக்காகத்தான் சொல்வோம். எனக்கு அந்தப் பூசாரி மேலதான் நினைப்பு போகுது. கடைசி வரைக்கும் சண்டை போட்ட மனுஷன், பிள்ளையை ஒப்படைக்கணும்னு வந்தப்போ யாரை நம்பினார்? அவர் இவங்க பிரசங்கத்தை ஏத்துக்கிட்டாரான்னு எனக்குச் சொல்லத் தெரியல. இவங்க கை தன் பிள்ளைக்குத் தீங்கு செய்யாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பரிசுத்தத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தோணல.

இன்னொண்ணு, நரம்புச் சிலந்தி. இந்தத் தலைமுறைக்கு அந்தப் பேரே தெரியாது. குடிதண்ணில இருக்கற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி வழியா உடம்புக்குள்ள போற புழு. ஒரு வருஷம் போல உள்ளேயே வளர்ந்து, காலைப் பொத்துக்கிட்டு வெளியே வரும். ஒரு குச்சியில சுத்திச் சுத்தி, நாளுக்குக் கொஞ்சமா இழுக்கணும், அறுந்தா சீழ் பிடிச்சுடும். ஜெஸ்ஸி அதைப் பொறுமையா எடுத்தார். அதோட நிக்கல. புழு வந்த காலோட ஜனங்க தண்ணிக்குள்ள இறங்கறதுதான் நோய் சுத்திச் சுத்தி வர்றதுக்குக் காரணம்னு சொல்லி, கிணத்தைச் சுத்தி மதில் கட்டச் சொன்னார். இந்தியாவுல அந்த நோய் முழுசா ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது 2000-ல்தான்.

1929 ஜூன் மாசம் ஜெஸ்ஸி மலேரியாவோட ஒரு கொடிய வகைக் காய்ச்சல்ல இறந்துபோனார். வயசு 44-க்குள்ள. மகன் பாலும் மகள் கானியும் அப்போ இங்கிலாந்துல படிச்சுட்டு இருந்தாங்க. 1923-ல் பிரிஞ்ச அப்பாவைப் பால் திரும்பப் பார்க்கவே இல்ல. இறந்த செய்தி வந்த பிறகும் அப்பா எழுதின கடிதங்கள் கப்பல்ல வந்துட்டே இருந்ததாம். இதையும் சேர்த்தே சொல்லணும். அவங்க வாழ்க்கைக்குப் பிள்ளைகளும் விலை கொடுத்தாங்க.

எவலின் அம்மாவுக்கு 68 வயசானப்போ மிஷன் ஓய்வு கொடுத்துட்டாங்க. அவங்க பழையபடி மலைக்கே போயிட்டாங்க. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைன்னு மட்டக்குதிரை மேல சுத்தினாங்க. விழுந்து எலும்பு முறிஞ்ச பிறகும் ரெண்டு கைலயும் மூங்கில் கழியை ஊணிக்கிட்டு நடந்தாங்க. கடைசி 20 வருஷம் வீட்டுல முகம் பார்க்கற கண்ணாடியே வெச்சுக்கலைன்னு அவங்க மகன் எழுதியிருக்கார். 1974 டிசம்பர்ல, 95 வயசுல இறந்தாங்க. ஒரு பருத்தித் துணியில சுத்தி மண்ணுல வெச்சாங்க.

அந்தக் கல்லறைகள் முன்னாடி நின்னப்போ எனக்கு சகரியா புத்தகத்தோட கடைசிப் பகுதி ஞாபகம் வந்தது. யாத்திராகமம் 28-ல் பிரதான ஆசாரியனோட தலைப்பாகையில ஒரு பொன் தகடு கட்டச் சொல்வார் ஆண்டவர். இது கர்த்தருக்குரியதுன்னு அதுல பொறிச்சிருக்கும். நாடு முழுக்க அந்தத் தகடு ஒருத்தர் நெத்தியில மட்டும்தான். சகரியா பார்க்கற வரப்போற நாள்ல அதே வார்த்தை குதிரைங்க கழுத்து மணியில எழுதியிருக்கு. எருசலேம்ல இருக்கற ஒவ்வொரு வீட்டுச் சமையல் பானையும் பலிபீடத்துப் பாத்திரம் மாதிரி ஆயிடுது. தேவாலயத்துக்குள்ள இருந்த பரிசுத்தம் தெருவுக்கும் அடுப்படிக்கும் வந்துடுது. எவலின் அம்மாவோட குதிரையையும் அந்தக் கஞ்சிப் பானையையும் நினைச்சுப் பாருங்க.

லேவியராகமம் 19-ஐயும் இந்த வாரம் வாசிச்சுப் பாருங்க. பரிசுத்தமா இருங்கன்னு ஆரம்பிக்கற அதிகாரம். வயல் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை. கூலிக்காரன் கூலியை விடியற வரைக்கும் வெச்சுக்காதே. காது கேளாதவனைத் திட்டாதே, பார்வையில்லாதவன் வழியில தடுக்கி விழறமாதிரி எதையும் வைக்காதே. தராசும் படிக்கல்லும் சரியா இருக்கட்டும். அங்கே வந்தப்போ எனக்குத் தொண்டை அடைச்சது. நான் அனுப்பின டெஸ்ட் ரிப்போர்ட்தான் என் தராசு. அதை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு நடந்த தம்பி வழியில கல்லை வெச்சது நான்தான்.

நீங்க ஒண்ணு கேக்கலாம். அப்போ பரிசுத்தம்னா நேர்மையா வேலை பாக்கறது மட்டும்தானா? சாமி கும்பிடாத ஆளும் ஒழுங்கா டெஸ்ட் பண்ணுவாரே? பண்ணுவார். என்னைவிட நல்லாவே பண்ணுவார். பானை தன்னைத்தானே பரிசுத்தமாக்கிக்கல, அது யாரோட பானைங்கறதுதான் அங்கே விஷயம். கொரிந்து சபையைப் பாருங்க. கட்சி கட்டிச் சண்டை, ஒருத்தர் மேல ஒருத்தர் கோர்ட்ல வழக்கு. அவங்களுக்கு எழுதற கடிதத்தைப் பவுல், நீங்க பரிசுத்தமாக்கப்பட்டவங்கன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். திட்டறதெல்லாம் அப்புறம்தான். யாருக்குச் சொந்தம்னு முதல்ல முடிவாயிடுது. அதுக்கேத்த மாதிரி வாழறது அதுக்குப் பின்னாடி வருது.

இவங்க மகன் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். சின்னப் பையனா இருந்தப்போ குஷ்டரோகம் வந்தவங்க வீட்டுக்கு வந்தா பிள்ளைகள் கிட்ட போகக் கூடாது. அந்தப் பையன்தான் வளர்ந்து அதே நோயாளிகளோட மடங்கிப்போன கைகளைப் பிடிச்சுப் பார்த்து, தசைநாண்களை மாத்திவெச்சு ஆபரேஷன் பண்ணினார். அவங்க விரல்கள் தானா அழுகி விழறதில்ல, வலி தெரியாததால காயப்பட்டுக் கெடுதுன்னு கண்டுபிடிச்சார். சில பேர் விரலை ராத்திரி எலி கடிச்சிருக்கு, வலிக்காததால முழிக்கவே இல்ல. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் பூனை. வீட்டுக்குப் போற நோயாளிகிட்ட ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினாங்க! எனக்கு அந்த எலிக்கதை வேற மாதிரி உறைச்சது. மூணு வாரமா என்னை ஏதோ கடிச்சுட்டே இருந்திருக்கு. பெரும்பாலான நேரம் நான் தூங்கிட்டுத்தான் இருந்தேன்.

மலையில இருந்து இறங்கின மறுநாள், திங்கட்கிழமை, மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் எழுத்துல கேட்டார், எழுதிக் கொடுத்தேன். இனிமே நான் ஓட்டற டெஸ்ட்டை இன்னொருத்தர் சரிபார்க்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. அப்ரைசல்ல என்ன ஆகும்னு தெரியல.

அந்தத் தம்பியைக் கேன்டீன்ல பார்த்துச் சொன்னேன். சாமர்த்தியமா ஏதாவது சொல்லலாம்னு மனசுல தயார் பண்ணி வெச்சிருந்தேன், ஒண்ணும் வரல. மன்னிச்சுடுன்னு மட்டும் சொன்னேன். அவன் டீயைக் கீழ வெச்சுட்டு, "மூணு வாரமா ஏண்ணா சொல்லல?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. முன்ன மாதிரி அவன் என்கூடச் சாப்பிட வர்றதில்ல, அதுக்கு அவனுக்கு உரிமை இருக்கு.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம். உங்க நாள்ல யாரும் பார்க்காத ஒரு வேலையை எடுத்துக்கோங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு நீங்க கொடுக்க வேண்டிய சம்பளமா இருக்கலாம், கடையில நீங்க போடற எடையா இருக்கலாம், எக்செல் ஷீட்ல ஒரு கட்டமா இருக்கலாம். அதை ஆண்டவரோட பானைன்னு நினைச்சு ஒரு வாரம் செஞ்சு பாருங்க. எப்படி இருந்ததுன்னு எழுதுங்க.

ஜெபிப்போம். ஆண்டவரே, எங்க பாட்டைக் கேக்கற நீர் எங்க ம்யூட்டையும் கேக்கறீர். எங்க கையில இருக்கற வேலை உம்முடையது. அதைச் சரியாச் செய்ய உதவி செய்யும். சரியாச் செய்யாதப்போ சீக்கிரமா வாயைத் திறக்கற தைரியத்தைக் கொடும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.