கணக்கு டில்லிக்கு, கோபுரம் நம்ம காட்டுக்கா?
(உயர்மின் கோபுரப் போராட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கரியமில வாயுவை இந்தியா குறைச்சிருச்சுன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. 2005-ஐ ஒப்பிட்டால் 2020-க்குள் 36 சதவீதம் குறைந்ததாக மத்திய அரசு ஐ.நா.வுக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறது. பொய்யில்லை. ஆனா குறைஞ்சது எது? நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு புகை என்பதுதான் குறைந்தது. ஒரு லிட்டர் பாலுக்கு ஆகிற தீவனம் குறைஞ்சுது; பட்டியில மாடு பெருகிப்போச்சு. மொத்தத் தீவனம் கூடத்தானே செய்யும்? இந்த 15 வருசத்தில் மொத்தப் புகையும் அப்படித்தான் கூடியது. 2020-ல் மட்டும் சற்று இறங்கியது, அது கொரோனா புண்ணியம்.

அதே கணக்கில் எரிசக்தியின் பங்கு சுமார் 75 சதவீதம், விவசாயத்தின் பங்கு சுமார் 14. நம்ம மோட்டார் இழுக்கிற கரண்டும் அந்த 75-க்குள்ளே இருக்கு, மறைக்க வேண்டியதில்லை. அதனால காத்தாடியும் சோலாரும் வரட்டும். 2025-ல் நாட்டின் மின்நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்று அரசு அறிவித்தது. ஐந்து வருடம் முன்கூட்டியே இலக்கை எட்டியது நல்ல சேதிதான். ஆனாலும் 2024-ல் உற்பத்தியான யூனிட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியில் வந்ததுதான்.

நம்ம சண்டை சோலாரோடு அல்ல. அந்தக் கரண்டு போகிற பாதையோடு. சத்தீஸ்கர் ராய்கரில் இருந்து புகளூருக்கு வந்த 800 கே.வி. லைனையே எடுத்துக்குங்க. நிலக்கரிக் கரண்டு தெற்கே வரவும், காத்துக் காலத்தில் காற்றாலைக் கரண்டு வடக்கே போகவும் அதே கம்பிதான். கம்பிக்கடியில தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. பத்திரம் நம்ம பேர்ல, அனுபவம் அவங்களுக்கு!

இன்னொன்று கேளுங்க. 2030-க்குள் மரம் வளர்த்து 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சுவோம் என்றும் இதே அரசு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. காய்க்கிற தென்னையை இங்கே வெட்டிப்போட்டு, எங்கே போய் நடப்போறாங்க?

2015 வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15. மேற்கு மாவட்டங்களில் 2018-ல் பட்டினி கிடந்து போராடினோம். 2024 ஜூனில் மத்திய மின்துறையே அதை 200, 30 என்று உயர்த்தியது. அப்போ முன்னாடி கொடுத்தது குறைச்சல்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க இல்லையா? அந்த வித்தியாசத் தொகையைப் பழைய லைன்காரர்களுக்கும் கொடு! நிலமதிப்பைச் சந்தை விலையில் போடு! கம்பி இருக்கும்வரை வருட வாடகை கொடு! சாலையோரம் புதைவடமாகக் கொண்டுபோக முடிகிற இடத்தில் காட்டுக்குள் வராதே!

வருகிற திங்கட்கிழமை மனுநாள். கலெக்டர் ஆபீசுக்குக் குடும்பத்தோடு வாங்க. பட்டா, சிட்டா, அடங்கல் நகல், வெட்டின மரத்தின் எண்ணிக்கை, வாங்கின செக்கின் நகல் எல்லாம் கையில இருக்கட்டும்.