உடைந்த ஓடும் வரலாறு உரைக்கும்

(நற்பிட்டிமுனையில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உடைந்த பீங்கான் வீட்டுக்கு ஆகாதென்று நாம் அதனை வேலியோரம் எறிந்துவிடுகின்றோம். அத்தகைய ஓடுகளைத் தேடிக் கடல் கடந்து வந்த பேராசிரியர் ஒருவரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

அவர் பெயர் நொபொரு கராஷிமா. 1933ஆம் ஆண்டு பிறந்த ஜப்பானியர். தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுக்களை ஆராய்ந்து பெரும்புகழ் எய்தியவர். டோக்கியோப் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் சாய்வு நாற்காலியை நாடினாரல்லர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழஞ்சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடி ஆராய்ந்தார். அதன் பயனாக 2004இல் நூலொன்றும் வெளிவந்தது. 2015இல் அவர் மறைந்தார்.

ஓட்டிலே என்ன இருக்கிறதென்று கேட்பீர்கள். பட்டு இற்றுப்போகும், கர்ப்பூரம் கரைந்துபோகும். கடுஞ்சூட்டில் வெந்த பீங்கானோ ஆயிரமாண்டு மண்ணுட் கிடந்தாலும் அழியாது. எக்காலத்தில், எந்நாட்டுச் சூளையில் வெந்ததென்பதை அதன் மண்ணும் மெருகும் கற்றோர்க்குக் காட்டிவிடும். இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் கிடைத்தன. நம் நாட்டில் மாந்தையிலும், யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியிலும் கிடைத்தன. அல்லைப்பிட்டியிற் கிடைத்தவை சோங் அரசர் காலத்தவை. சோழர் தூதுவர் 1015இல் சீனம் சென்றதையும், 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டிலே சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருப்பதையும் இவற்றோடு சேர்த்து எண்ணுங்கள். நம் கடல் அன்று எத்துணைப் பெரிய தெருவாக இருந்தது!

முழுச் சாடியை விலைகொடுத்து வாங்கி அலுமாரியில் அடுக்குவோர் பலர். கிடைத்த இடம் தெரியாத சாடி வெறும் அழகுப்பொருள். இடம் தெரிந்த ஓட்டுத்துண்டு சாட்சி.

சிறுவயதில் நாமும் கடற்கரையில் நீலக்கோடிட்ட ஓடொன்றைப் பொறுக்கினோம். மணலிற் கோடு கீறிக் கெந்தி விளையாடிப் பின் தொலைத்துவிட்டோம். எடுத்த இடமும் நினைவில்லை. அது பழையதோ, நேற்று உடைந்த கோப்பையோ, இனி யார் சொல்வார்? அந்தப் பிழையை நீங்கள் செய்யற்க.

இளைஞர்களே! கிணறு தோண்டும்போதோ வரம்பு வெட்டும்போதோ அத்தகைய ஓடு கண்டால் எறியாதீர்கள், விற்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவ்வோடு தமிழர் கலத்தில் வந்ததோ, முஸ்லிம் வணிகர் கலத்தில் வந்ததோ, இம்மண்ணில் வாழும் நம் எல்லோருக்கும் அது பொதுச்சொத்து.