செவிலியர் கல்லூரியும் அங்கீகார வழக்குகளும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

    

ஒரு வாடகை அறையில் இரவுப் பாடசாலையாகத் தொடங்கிய நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. வாழ்த்துரை வழங்குமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். வாழ்த்துவதற்கு என்னினும் தகுதியுடையோர் மேடையில் அமர்ந்திருக்கின்றனர். நானோ நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியே தலை நரைத்தவன். எனவே ஒரு வழக்கறிஞன் சொல்லக்கூடிய செய்தி ஒன்றைச் சொல்ல இசைவு கேட்டேன். அதனை வாழ்த்தென்பதைவிட ஓர் ஒப்புதல் வாக்குமூலம் என்று கொள்வதே பொருந்தும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் ஆகிய இக்கரிசல் வட்டாரத்தில் நம் மக்களின் வாழ்வு இரண்டு இடங்களில் கட்டுண்டு கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி நிலம். அதிலும் நம்மவருள் பெரும்பாலார் பிறர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்களே. மற்றொன்று தீப்பெட்டி ஆபீசு. அந்த மருந்து வாடையை விட்டு வெளியேற நம் வீட்டுப் பெண்பிள்ளைக்குத் தெரிந்த வழிகள் நெடுங்காலம் இரண்டே. ஆசிரியர் பயிற்சி ஒன்று. செவிலியர் படிப்பு மற்றொன்று. பயிற்சி முடித்த ஆசிரியர்கள் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே முதுமை எய்துவதைக் கண்டபின், பெற்றோரின் பார்வை செவிலியர் படிப்பின்மீது திரும்பிற்று.

அப்படிப்பு நமக்குப் புதியதன்று. அயலாரின் உடலைத் தொட்டுக் கழுவும் தொழில் என்று மேல்சாதியார் பலர் ஒதுங்கி நின்ற காலத்திலேயே, கிறித்தவ மருத்துவமனைகளின் வாயிலாக நம் பெண்கள் அதனுள் நுழைந்தனர். வேலூரில் 1946ஆம் ஆண்டிலேயே செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிற்று. இன்று வளைகுடா நாடுகளிலிருந்து மாதந்தோறும் பணம் வந்து, கூரை வீடு காரை வீடான குடும்பங்கள் நம் ஊர்களிலேயே உள்ளன. விருப்பம் மிகுந்த இடத்தில் வணிகம் நுழைவதும் இயல்புதானே! பேருந்து நிலையத்துச் சுவரெங்கும் செவிலியர் கல்லூரிகளின் சுவரொட்டிகள். ஒவ்வொன்றிலும் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்னும் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

அங்கீகாரம் என்பது ஒற்றைத் தாளென்று நாம் எண்ணுகின்றோம். சட்டத்தில் அது பல கதவுகளைக் கொண்ட வீடு. நம் மாகாணத்தில் 1926ஆம் ஆண்டிலேயே செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்ததே மாநில செவிலியர் குழுமம். படிப்பை முடித்தவரின் பெயர் அதன் பதிவேட்டில் ஏறினாலன்றி அவர் செவிலியர் ஆகார். நாடு முழுமைக்கும் ஒரே தரம் வேண்டுமென்று 1947ஆம் ஆண்டு இந்திய செவிலியர் குழுமச் சட்டம் வந்தது. அக்குழுமம் தில்லியில் அமர்ந்தது. பட்டப்படிப்பாயின் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் வேண்டும். நம் மாநிலத்தில் 1988 முதல் அப்பொறுப்பு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தினுடையது. இவற்றோடு மாநில அரசின் அனுமதி ஆணை ஒன்று. ஆக, நான்கு கதவுகள். ஒன்றைத் திறந்துவிட்டு நான்கும் திறந்துவிட்டன என்று சுவரொட்டி அடிப்பவரை நீங்கள் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் அவர் சொல்வது முழுப்பொய்யும் அன்று.

கதவுகாப்போர் தமக்குள்ளேயே வழக்காடத் தொடங்கினால் என்னாகும்? அதுவும் நடந்தது. தில்லிக் குழுமத்திற்குக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அதிகாரமே இல்லையென்று கர்நாடகத்துக் கல்லூரி நிர்வாகங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. அம்மாநில உயர்நீதிமன்றம் 2017 ஜூலைத் திங்களில் தீர்ப்பளித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் படிப்பின் தகுதியை ஏற்பது பற்றியே பேசுகின்றது; தனித்தனிக் கல்லூரியை அங்கீகரிக்கும் அதிகாரத்தைத் தில்லிக் குழுமத்திற்கு வழங்கவில்லை; அது மாநிலக் குழுமமும் பல்கலைக்கழகமும் செய்யவேண்டிய பணி என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொற்களைப் படித்தால் அத்தீர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும், தில்லியின் பட்டியலில் தம் கல்லூரியின் பெயர் இல்லையென்று கண்ட கேரளத்து மாணவியரும் தமிழ்நாட்டு மாணவியரும், தம் ஊரில் வேலை கிடைக்குமா, கடல் கடக்க முடியுமா என்று கலங்கிப் போயினர். அதிகாரம் யாருடையது என்னும் வழக்கில் தோற்றவர் யாராயினும், நாள்களை இழந்தவர் மாணவியரே.

பின்னர் 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம், பழைய சட்டத்தின் இடத்தில் தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் அமைவதற்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. கதவுகளின் பெயர்கள் மாறலாம். கேட்கவேண்டிய கேள்விகள் மாறா.

இனி என் வாக்குமூலத்திற்கு வருகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன்னர் நம் கழகத்தின் உதவிக்குழுவில் நானும் ஓர் உறுப்பினன். ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியே மகளை மேல்நிலைப் படிப்புவரை கொண்டுவந்த தாய். அண்டை மாநிலத்துச் செவிலியர் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருப்பதாகவும், முதலாண்டுக் கட்டணத்தில் பாதிக்குக் கழகம் கடன் தரவேண்டுமென்றும் கேட்டார். வழக்கறிஞன் அல்லவா! தாள்களைக் காட்டச் சொன்னேன். காட்டினர். மாநில அரசின் ஆணை இருந்தது. குழுமத்தின் கடிதம் இருந்தது. பல்கலைக்கழக இணைப்பும் இருந்தது. முத்திரைகளைப் பார்த்து மகிழ்ந்து கையெழுத்திட்டேன்.

இரண்டாண்டுகள் கழித்து அப்பெண் தனியே திரும்பி வந்தாள். “பெரியப்பா, பல்கலைக்கழகத்துல என் பேரே இல்லையாம்” என்றாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. அந்தத் தாள்களை மீண்டும் எடுத்துப் படித்தபோதுதான் நான் படிக்காமல் விட்ட ஒரு வரி கண்ணிற்பட்டது. அனுமதிக்கப்பட்ட இடங்கள் 40 என்று அதில் எழுதியிருந்தது. கல்லூரி சேர்த்துக்கொண்டதோ அறுபதுக்கும் மேற்பட்டோரை. நாற்பதின்மரின் பெயர்களை மட்டும் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிவிட்டு, எஞ்சியோரை அடுத்த ஆண்டில் சரிசெய்துகொள்ளலாம் என்று வகுப்பில் உட்கார வைத்திருந்தனர். கல்லூரி அங்கீகாரம் பெற்றதுதான். அவள் அமர்ந்திருந்த நாற்காலி அங்கீகாரம் பெறவில்லை.

இளைஞர்களே! அங்கீகாரம் கட்டடத்திற்கு வழங்கப்படுவதன்று. குறிப்பிட்ட படிப்பிற்கு, குறிப்பிட்ட ஆண்டிற்கு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு வழங்கப்படுவது. பட்டயப் படிப்பிற்கு வாங்கிய ஆணையைக் காட்டிப் பட்டப்படிப்பிற்கு ஆள் சேர்ப்போர் உண்டு. காலம் கடந்த ஆணையைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்போர் உண்டு. விதை வாங்கச் சென்றால் மூட்டையில் தைத்திருக்கும் சான்றட்டையைத் திருப்பி, எந்தப் பருவத்து விதை, எதுவரை செல்லும் என்று பார்க்கின்றோம். மூன்றாண்டு, நான்காண்டு வாழ்வை விதைக்கும்போது நான் அதனைப் பார்க்கவில்லை.

“நீதிமன்றம் செல்வோம்” என்றார் அத்தாய். நான் தயங்கினேன். அத்தயக்கத்தின் காரணத்தை நீங்கள் அறிந்திருத்தல் நலம்.

ஆந்திரத்தில், அரசும் பல்கலைக்கழகமும் அனுமதியாத நிலையில் ஒரு சங்கம் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கி மாணவரைச் சேர்த்துவிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. மாணவர்களின் எதிர்காலத்தை எண்ணித் தேர்வெழுதவாவது இசையுங்கள் என்று வேண்டினர். அமர்வில் இருந்தவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. ஏழை எளியோரின்பால் அவருக்கிருந்த பரிவைச் சட்டம் பயின்றோர் அனைவரும் அறிவர். அவரே, பல்கலைக்கழகம் தன் சட்டத்தைத் தானே மீறுமாறு நீதிமன்றம் கட்டளையிட இயலாது என்று 1986ஆம் ஆண்டு மறுத்துவிட்டார். நம் மாநிலத்திலேயே, மதுரை செயின்ட் ஜான்ஸ் பெண்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் வழக்கில் 1993ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதே நிலையை எடுத்தது. அங்கீகாரமில்லாத நிறுவனங்களின் மாணவர்களை இடைக்கால ஆணைகளால் தேர்வெழுத அனுமதிப்பது முறையன்று என்று உறுதிப்படுத்தியது.

இந்த ‘இடைக்கால ஆணை’ என்னும் சொல்லை நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். ‘நீதிமன்ற ஆணைப்படி சேர்க்கை நடைபெறுகின்றது’ என்று சில கல்லூரிகள் பெருமையோடு அச்சிடும். வழக்கு முடியும்வரை தரும் தற்காலிக நிழல் அது. தீர்ப்பு மாறினால் நிழல் விலகும். கல்லூரி அடுத்த ஆண்டும் ஆள் சேர்க்கும். மாணவி வெயிலில் நிற்பாள். நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் தொடங்கப்பட்டபின் நமக்கு வழக்குமன்றம் அருகில் வந்தது உண்மைதான். ஆயினும் அருகில் வந்த மன்றமும் இல்லாத இடத்தை உண்டாக்கித் தராது.

சோதனை செய்ய அதிகாரிகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். மத்தியப் பிரதேசத்துச் செய்தியைக் கேளுங்கள். செவிலியர் கல்லூரிகள் பல சில அறைகளிலேயே நடக்கின்றன, மருத்துவமனை இல்லை, ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் ஏட்டில் இருக்கின்றார் என்று 2022இல் ஜபல்பூர் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தவர்கள் சட்ட மாணவர்கள், உங்கள் வயதினர். நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையை அனுப்பிற்று. 308 கல்லூரிகளை ஆராய்ந்து, 169 தகுதியுடையன, 74 குறையுடையன, 65 தகுதியற்றன என்று அறிக்கை வந்தது. பின்னர் 2024 மே திங்களில் என்ன நடந்தது தெரியுமா? தகுதிச் சான்று வழங்கக் கையூட்டுப் பெற்றதாக அச்சோதனைக் குழுவினரிலேயே சிலர் கைதாயினர். தகுதியுடையன எனப்பட்ட 169ஐயும் நீதித்துறை அலுவலரை உடன்வைத்து மீண்டும் சோதிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. இதற்கிடையே 2020-21இல் சேர்ந்த மாணவர்கள் முதலாண்டுத் தேர்வையே எழுத முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட படிப்பிற்கே உரியது. தனியார் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஆணையைத் தமிழக அரசு 2012இல் பிறப்பித்தது. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோரை 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் விலக்கிவிட்டன. ‘கட்டணம் எல்லாம் அரசு தரும், சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்னும் தரகரின் பேச்சில் எந்த ஒதுக்கீடு என்னும் சொல் வராது. உதவித்தொகை வராதபோதுதான் அது தெரியும். அப்போது சான்றிதழ் கல்லூரியின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும்.

அப்பெண்ணின் சான்றிதழ்களும் அவ்வாறே இருந்தன. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பண்டமன்று, பணத்திற்குப் பிணையாக அதனைப் பிடித்துவைக்கக் கூடாது என்று நம் உயர்நீதிமன்றம் கூறியுள்ளதை எடுத்துக்காட்டி அறிவிப்பு அனுப்பினேன். ஏழு மாதம் எழுதி, இருமுறை நேரில் சென்றபின் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. கட்டணத்தில் ஒரு பகுதி வந்தது. இரண்டாண்டுகள் வரவில்லை. கழகத்தின் கடனை அத்தாய் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. குழுவினர் நாங்களே வெட்கப்பட்டு அதனைத் தள்ளினோம்.

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் கழகத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். கட்டடம் எழுப்பத் தீர்மானம் போடுகின்றீர்கள், போடுங்கள். அதற்கு முன்னர் ஒரு பேரேடு வாங்குங்கள். மேல்நிலைத் தேர்வு முடிவு வருமுன், நம் பிள்ளைகள் நாடும் கல்லூரி ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் படிப்பு, எந்த ஆண்டு, எத்தனை இடம், ஆணையின் எண் என்ன என்று எழுதுங்கள். கல்லூரி தரும் நகலை நம்பாமல் மாநிலக் குழுமத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் போடுங்கள்; 2005 முதல் நமக்கிருக்கும் இவ்வுரிமைக்குப் பத்து ரூபாயே கட்டணம். பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, அதில் எத்தனை படுக்கை என்று கேளுங்கள். முடிந்தால் பட்டதாரி இளைஞர் இருவர் பேருந்தேறிச் சென்று அப்படுக்கைகளில் நோயாளிகள் இருக்கின்றனரா என்று பார்த்து வாருங்கள். சேர்ந்தபின்னும் வேலை முடியாது. முதலாண்டின் இறுதிக்குள் பிள்ளையின் பெயர் பல்கலைக்கழகத்தில் பதிவாகியுள்ளதா என்று கேட்டு, அதே பக்கத்தில் எழுதுங்கள். நம் வட்டாரத்துச் சந்தடியில் ஆறு மாதச் ‘செவிலிய உதவியாளர்’ சான்றிதழ் விற்கும் மாடிக் கட்டடங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும். அச்சான்றிதழைக் கொண்டு குழுமத்தின் பதிவேட்டில் ஏற முடியாது என்று அப்பக்கத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

முதற் பக்கத்தை எழுத ஒருவர் இசைந்துவிட்டார். நான் குறிப்பிட்ட அப்பெண்தான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, அரசு செவிலியர் பள்ளி ஒன்றில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை முடித்து, குழுமத்தில் பதிவெண் பெற்று, இன்று ஒரு மருத்துவமனையில் பணியாற்றுகின்றாள். இதோ இவ்வரங்கின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றாள். இன்றிரவு பணி இருப்பதால் ஐந்தரை மணிப் பேருந்திற்குப் புறப்பட வேண்டும். அதற்குள் அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அமர்கின்றேன்.