பூங்கா ஓரத்தில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு

(அறக்கட்டளையின் மாதக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

போன கூட்டத்தின் முடிவில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "வருடா வருடம் வாடகை உதவி கொடுக்கிறீர்கள். அந்தப் பணம் கடைசியில் வீட்டுக்காரர் கைக்குத்தான் போகிறது. நாமே பத்து இருபது குடும்பம் சேர்ந்து ஒரு அடுக்குமாடி கட்டிக்கொண்டால் என்ன?" மஃரிபுக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமலே கலைந்தோம்.

கேள்வி நியாயமானது. வாடகை உதவிக்கு மனு கொடுப்பவர்களின் பட்டியலை நாங்கள்தான் எழுதுகிறோம். ஐந்தாறு வருடமாகப் பாதிப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, மாறுவது முகவரி மட்டும்தான். ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் ஒரு புதிய முன்பணம், ஒரு வண்டி வாடகை, பிள்ளைக்கு ஒரு புதிய பள்ளிக்கூடம். எனவே இந்தக் காரியத்தை முன்பே செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று தேடிப் படித்தோம். படித்ததில் மனத்தில் நின்ற ஒன்றைச் சொல்கிறோம்.

நியூயார்க் நகரத்தின் வடக்கே பிராங்ஸ் என்றொரு பகுதி. அங்கே வான் கோர்ட்லாண்ட் என்ற நகரப் பூங்கா இருக்கிறது. 1,100 ஏக்கருக்கும் மேல். காடும் ஏரியும் கிரிக்கெட் ஆடுகளங்களும் உண்டு. 2024 டி20 உலகக் கோப்பைக்கு முதலில் அந்தப் பூங்காவில்தான் தற்காலிக அரங்கம் கட்டுவதாக இருந்தது. அங்கே வாரந்தோறும் விளையாடிக்கொண்டிருந்த உள்ளூர்க் கிரிக்கெட்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் எதிர்த்தார்கள். ஆட்டங்கள் வேறு பூங்காவுக்குப் போயின. நம் பிள்ளைகள் இரவு கண்விழித்துப் பார்த்த இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் அந்த வேறு இடத்தில் நடந்ததுதான்.

இந்தப் பூங்காவின் தென்கரையில் நிற்கிறது அமால்கமேட்டட் கூட்டுறவுக் குடியிருப்பு. கட்டியவர்கள் தையல் தொழிலாளர்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள் அவர்களில் மிகுதி. வெளிச்சமும் காற்றும் வராத நெருக்கடியான கட்டடங்களில் வாடகைக்குக் கிடந்தவர்கள். அவர்களுடைய தொழிற்சங்கம் முன்னின்றது. ஆபிரகாம் கசான் என்பவர் நடத்திக் காட்டினார். 1926இல் வந்த மாநிலச் சட்டம் மலிவு வீடுகளுக்கு வரிச்சலுகை கொடுத்தது. 1927 கடைசியில் முதல் குடும்பங்கள் குடிவந்தன. 303 வீடுகள். ஓர் அறைக்கு 500 டாலர் பங்குப் பணம், மாதம் ஓர் அறைக்கு ஏறத்தாழ 11 டாலர். தையற்காரருக்கு அந்த 500 சின்னத் தொகை அல்ல. முழுதும் இல்லாதவர்களுக்குக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். இன்று ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கட்டடத்துக்கான பெரிய தொகை மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிய அடமானக் கடன். வட்டிக் கடன்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது சரியல்ல. அந்த வழி நமக்கு ஆகாது. நமக்கு ஆகும் வழி எது என்பதை ஆலிம்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு முன் அவர்களிடமிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியது வேறு இருக்கிறது.

நம் ஊரில் கூட்டுறவு வீட்டுச் சங்கம் என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? சேர்வோம், கடன் அடைப்போம், பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அங்கே அப்படி இல்லை. கட்டடம் முழுவதும் சங்கத்தின் சொத்து. குடும்பம் வைத்திருப்பது பங்கும், தன் வீட்டில் குடியிருக்கும் உரிமையும். நான்கு அறை வீட்டுக்காரருக்கும் இரண்டு அறை வீட்டுக்காரருக்கும் ஒரே ஓட்டு. வீட்டைக் காலி செய்யும்போது பங்கைச் சங்கத்திடம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிடைப்பது போட்ட பணத்தை ஒட்டிய தொகை, சந்தை விலை அல்ல. பூங்காவைப் பார்த்த சன்னலுக்கு வெளியில் எத்தனை லட்சம் கூடுதல் கேட்டாலும், அந்தச் சன்னலை விட்டுப் போகிறவர் அந்த லட்சத்தை எடுத்துப் போக முடியாது. அடுத்து வருகிற தையற்காரருக்கும் அந்த வீடு கட்டுபடியாவது இதனால்தான்.

இந்த இடத்தில் நம் தாய்மார்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. "நாற்பது வருடம் பணம் கட்டிவிட்டு, பிள்ளைக்கு ஒரு சொத்து என்று கையில் ஒன்றும் இல்லையா?" நியாயமான கேள்வி. அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். 1955இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி நியூயார்க்கில் நிறைய மலிவுக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. இருபது வருடம் கழித்து விலகிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. சில குடியிருப்புகளில் உறுப்பினர்களே ஓட்டுப்போட்டு விலகி, வீட்டைச் சந்தை விலைக்கு விற்றார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அதன் பிறகு ஒரு ஏழைக் குடும்பம் வர முடியாது.

இனி, கணக்கு எழுதுகிறவர்கள் என்ற முறையில் எங்களை மிகவும் உறுத்திய பகுதிக்கு வருகிறோம். அதே பிராங்ஸில், பிராங்ஸ் பூங்கா என்ற இன்னொரு பூங்காவுக்கு எதிரே, அதே காலத்தில் இன்னொரு கூட்டுறவுக் குடியிருப்பும் எழுந்தது. 700க்கும் மேற்பட்ட குடும்பங்கள். அவர்கள் இடதுசாரித் தொழிலாளர்கள். கொள்கைப் பிடிப்பில் இவர்களை மிஞ்சியவர்கள். 1930களின் பஞ்சத்தில் வேலையிழந்து மாதப் பணம் கட்ட முடியாதவர்களை வெளியே அனுப்ப மறுத்தார்கள். எத்தனை பெரிய மனது! ஆனால் கடன் கொடுத்தவன் காத்திருக்கவில்லை. 1943இல், ஓர் அறைக்கு மாதம் ஒரு டாலர் கூட்டினால் குடியிருப்பைக் காப்பாற்றலாம் என்ற நிலை வந்தது. கூடி ஓட்டெடுத்தார்கள். கூட்ட முடியாது என்று முடிவானது. கட்டடம் தனியார் கைக்குப் போனது. எல்லோரும் மறுபடி வாடகைக்குடித்தனம் ஆனார்கள்.

ஒரு டாலர்தான்.

அமால்கமேட்டட் குடியிருப்பும் அதே பஞ்சத்தைக் கண்டதுதான். வேலையிழந்தவர்களுக்கு உதவ அங்கேயும் நிதி திரட்டினார்கள். ஆனால் உதவியைத் தனிக் கணக்கில் வைத்தார்கள், சங்கத்துக்கு வர வேண்டியது வந்துகொண்டிருந்தது. இதற்கிடையில் பாலையும் முட்டையையும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டார்கள், கூட்டுறவு மளிகைக் கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல ஒரு பேருந்து ஓட்டினார்கள். செலவு குறைந்தால்தானே மாதப் பணம் கட்ட முடியும்.

நம்மிடம் நடப்பதை நாமே சொல்லிக்கொள்வோம். நமக்குத் தெரிந்த ஓர் அடுக்ககத்தில் எட்டு வீடுகள், எட்டும் உறவுக்காரர்கள். மோட்டார் பழுதாகி மூன்று வாரம் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். பழுது பார்க்கும் செலவைப் போல இரண்டு மடங்கு லாரிக்குப் போனது. காரணம், மாடி வீட்டு மாமா மாதப் பராமரிப்புப் பணம் பாக்கி வைத்திருந்தார். அவரிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. "மாமாவிடம் எப்படிக் கேட்பது?" இதுதான் நம் நோய். பத்து குடும்பம் சேர்ந்து கட்டுவது கடினமில்லை. பதினோராவது வருடம் மாமாவிடம் கேட்பதுதான் கடினம். சொந்தமும் பந்தமும் இல்லாத ஒரு கணக்குப்பிள்ளையை வெளியிலிருந்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். சிலருக்கு வருத்தமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, அந்தத் தம்பிக்குப் பதில்: செய்யலாம். இடம் ஒன்று நகராட்சிப் பூங்காவுக்குப் பின்பக்கம் இருக்கிறது என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். இடம் நல்ல இடம்தான். பெண்களும் வயதானவர்களும் மாலையில் நடக்கலாம், பிள்ளைகள் தெருவில் வண்டிக்கு நடுவே ஓட வேண்டியதில்லை. நாங்களும் போய்ப் பார்த்தோம். ஆனால் விலை பேசுவதற்கு முன்னால் நமக்குள் இரண்டு விஷயம் தெளிய வேண்டும். விட்டுப் போகும்போது போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சம்மதமா? மாதப் பணத்தைக் கூட்டவேண்டிய நாள் வந்தால் கூட்டச் சம்மதமா?

வாசலில் மேசைமேல் தாள் வைத்திருக்கிறோம். இப்போது கட்டும் வாடகை, கொடுத்த முன்பணம், வீட்டில் எத்தனை பேர் என்பதை எழுதுங்கள். கீழே அந்த இரண்டு கேள்விகளும் இருக்கின்றன. பெயர் எழுத வேண்டாம். வாப்பா ஒரு தாள், உம்மா ஒரு தாள் என்று தனித்தனியாக எழுதினால் நல்லது, ஏனென்றால் இரண்டு பேருடைய பதிலும் ஒன்றாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த கூட்டத்தில் தாள்களை எண்ணி, வந்த பதிலை அப்படியே படித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.