படிக்கும் நேரமும் வேலை நேரமே



வேலை பார்த்துக்கொண்டே திட்ட மேலாண்மையில் பட்டம் பெறுவதைப் பற்றிய இந்தக் கருத்தரங்கைச் சென்னையில் வைத்திருக்கலாம். பள்ளிப்பட்டில் வைத்தவர்களுக்கு என் மனமார்ந்த பாராட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் பெருந்தொழில்கள் பலவும் கிழக்கே இருக்கின்றன: கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, எண்ணூர்க் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, வல்லூர் அனல் மின்நிலையம். நாம் அமர்ந்திருப்பது மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி. இங்கே கரும்பும் மாவும் உண்டு. பக்கத்தில் பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிகள் ஓடுகின்றன. பாலிடெக்னிக் முடித்த பிள்ளை வேலை தேடி கும்மிடிப்பூண்டிக்கோ எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கோ போகிறான். அங்கே நாலைந்து பேராக ஓர் அறை எடுத்துத் தங்கி, ஷிப்ட் பார்க்கிறான். அந்தப் பிள்ளை பட்டம் பெறும் வழி என்ன என்பதுதான் இன்று நம் முன் இருக்கும் கேள்வி. அதைக் கேட்க அவன் பெற்றோர் வாழும் ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

திட்ட மேலாண்மையைப் பேச இந்த ஊருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. திண்டிவனம்–நகரி ரயில் பாதையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அரக்கோணம் எம்.பி. ஆர். வேலு ரயில்வே இணையமைச்சராக இருந்த காலத்தில், 2006-07 பட்ஜெட்டில் சேர்க்கப்பட்டது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, சோளிங்கர், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வழியாக நகரியைத் தொட வேண்டிய, ஏறத்தாழ 180 கிலோமீட்டர்ப் பாதை. அந்த ஆண்டு பிறந்த குழந்தை இன்று வாக்களிக்கும் வயதைக் கடந்துவிட்டது. பள்ளிப்பட்டுக்காரர் இன்னும் ரயிலேறத் திருத்தணிக்கோ நகரிக்கோதான் போகிறார். தண்டவாளம் போடத் தெரியாமல் இது நிற்கவில்லை. நிலம் எடுப்பது, உட்பிரிவு செய்வது, பட்டாவில் இருக்கும் பெயரையும் உண்மையில் உழுபவரையும் ஒத்துப்பார்ப்பது, இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்குவது, அதை உரிய நேரத்தில் கொடுப்பது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் அடுத்தது நகராது.

கிழக்கே ஒரு மாற்று உதாரணம் சொல்கிறேன். கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து அரை டி.எம்.சி. நீர்த்தேக்கம் கட்ட 2013-இல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 380 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து, 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. அங்கும் நிலமெடுப்பில் சிக்கல் வந்தது, தாமதம் வந்தது; ஆனாலும் முடிந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, எங்கே எந்த முடிவு எத்தனை மாதம் காத்திருந்தது என்று ஒரு மாணவி ஆராய்ந்தால் அது நல்ல பட்ட ஆய்வாகும். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லும் துறைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

திட்ட மேலாண்மையின் அடிப்படைக் கருவிகள் எங்கே பிறந்தன என்பதை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கிரிட்டிக்கல் பாத் முறை 1957-இல் அமெரிக்காவின் டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தில் உருவானது. பெர்ட் முறை அடுத்த ஆண்டு அந்நாட்டுக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் வந்தது. டூபாண்ட் தன் முறையை லூயிவில் ஆலையின் பராமரிப்பு ஷட்டவுனில் பரிசோதித்தது. 125 மணி நேரம் பிடித்த நிறுத்தம் 93 மணி நேரமாகக் குறைந்தது. அதாவது, ஆலை நின்றால் நஷ்டம் என்ற நெருக்கடிதான் இந்தப் படிப்பைப் பெற்றெடுத்தது. அதே நெருக்கடி கும்மிடிப்பூண்டியின் ஒவ்வோர் இரும்பு உருக்காலையிலும் இருக்கிறது. பாடத்தை அங்கிருந்து பிரித்து, நான்கு சுவருக்குள் கணக்குப் பயிற்சியாக மாற்றியவர்கள் நாம்.

ஓர் உருக்காலை ஷட்டவுனை எடுத்துக்கொள்வோம். உலையின் பழைய உள்பூச்சை உடைத்து எடுக்க வேண்டும், புதிதாக இடித்து நிரப்ப வேண்டும், பிறகு படிப்படியாகச் சூடேற்றி இறுக விட வேண்டும். இந்தக் கடைசி வேலையை எத்தனை ஆள் போட்டாலும் அவசரப்படுத்த முடியாது. இன்னொரு பக்கம் ரோலிங் மில்லில் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்ட வேண்டும், மின் பலகைகளைச் சோதிக்க வேண்டும். புத்தகம் படித்தவர் உடனே சொல்வார்: உலைதான் நீளமான பாதை, அதாவது கிரிட்டிக்கல் பாத்; அதைக் கவனி. ஆனால் கொட்டகையில் மேல்நிலைக் கிரேன் ஒன்றுதான் இருக்கிறது. உலைக்காரருக்கும் அது வேண்டும், கியர்பாக்ஸ் ஃபிட்டருக்கும் அது வேண்டும். அந்தக் கிரேனையே சோதிக்க வந்த ஆய்வாளரும் அதை நிறுத்தச் சொல்கிறார். கால அட்டவணையை உண்மையில் தீர்மானிப்பது அந்த ஒற்றைக் கிரேனின் வரிசை. இதைக் கணினி மென்பொருளில் வளப் பற்றாக்குறை என்ற தலைப்பில் படிக்கலாம். முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிரேனுக்காக மூன்று குழுக்கள் சத்தம் போடும்போது பக்கத்தில் நின்ற அப்ரண்டிஸுக்கோ அது ஆயுளுக்கும் மறக்காது. மறுநாள் அவர் வகுப்புக்கு வந்து அட்டவணை வரையும்போது, முதல் கோட்டைக் கிரேனுக்குத்தான் போடுவார்.

இப்படிப்பட்ட மாணவர்களை நான் அறிவேன். டிப்ளமோ படித்து வேலைக்குப் போனவர்களுக்கான பகுதிநேர பி.இ. மாலை வகுப்புகளில் பாடம் எடுத்திருக்கிறேன். அரசு பொறியியல் கல்லூரிகள் மூன்றரை ஆண்டுப் படிப்பாக நடத்திவந்த அந்தத் திட்டம் தமிழ்நாட்டுத் தொழிலுக்குச் செய்த உதவியை யாரும் முழுதாக எழுதவில்லை. என் வகுப்புகளில் மிகக் கூர்மையான கேள்விகள் அங்கிருந்துதான் வந்தன. இரவு எட்டு மணிக்குமேல் கண் சொருகியவர்களும் அவர்கள்தான். முதல் ஷிப்டுக்கு விடியும் முன்னே எழுந்தவர் வேறென்ன செய்வார்? ஆர்வத்தில் குறை இல்லை. உடம்பு ஒன்றுதானே இருக்கிறது. பாதியில் நின்றுபோனவர்களில் பலர், தேர்வு வாரத்தில் ஓவர்டைம் வந்ததால் நின்றவர்கள்.

ஆகவே இந்தத் தலைமை உரையில் நான் வலியுறுத்த வந்தது ஒன்றே. படிக்கும் நேரம் சம்பளம் பெறும் வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும்; அது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அது இல்லாமல் பட்டம் தரும் பழகுநர் (அப்ரண்டிஸ்) திட்டம் என்று எதற்குப் பெயர் வைத்தாலும், கிடைப்பது மலிவான ஆளும் களைத்துப்போன மாணவரும்தான்.

இது புதிய கோரிக்கையும் இல்லை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தொழிற்பிரிவுப் பழகுநர் வேலை சார்ந்த பாட வகுப்புகளில் செலவிடும் நேரம், ஊதியத்துடன் கூடிய வேலை நேரத்தின் பகுதியாகவே கருதப்படும் என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஐ.டி.ஐ. மாணவருக்கு நம் சட்டம் அன்றே கொடுத்த மதிப்பு இது. 1973-இல் பட்டதாரி, டிப்ளமோப் பொறியாளர்களும் சட்டத்துக்குள் வந்தார்கள். 2014-இல் பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் வந்தார்கள். 2019 விதிகள் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோக்காரருக்கு 8,000 ரூபாய் என்று உதவித்தொகையை நிர்ணயித்தன. 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு, பழகுநர் பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே இணைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ., வேலை பார்ப்பவர்களுக்கென்றே பி.இ. நடத்த அனுமதித்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கின்றன. ஆனால் அந்த 10-ஆம் பிரிவின் உயிர், பட்டம் படிக்கும் பழகுநரின் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 1974-இல் தொடங்கிய தொழில் அகாதெமிகள், 2009-இல் இரட்டைக் கல்விப் பல்கலைக்கழகமாக உயர்ந்தன. மாணவர் மூன்று மாதம் கல்லூரியில், மூன்று மாதம் நிறுவனத்தில் என்று மாறி மாறி இருக்கிறார். கல்லூரியில் இருக்கும் மாதங்களுக்கும் நிறுவனம் ஊதியம் தருகிறது. பிரிட்டன் 2015-இல் பட்டப் பழகுநர் திட்டத்தைத் தொடங்கியது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டு ஊதியச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் 0.5 சதவீதம் தீர்வை வாங்கி அதை நடத்துகிறார்கள். திட்ட மேலாளர் பட்டத்துக்கென்றே அங்கே தனித் தரநிலை இருக்கிறது. 2022 ஆகஸ்டில், முழுநேரப் பழகுநருக்கு வாரம் குறைந்தது 6 மணி நேரம் வேலை நேரத்துக்குள்ளேயே பயிற்சி என்று நிர்ணயித்தார்கள். அவர்களுடைய தீர்வையை நாம் அப்படியே கொண்டுவர முடியாது.  அந்த ஆறு மணி நேரம் என்ற எண்ணை மட்டும் இங்கே பேசலாம்.

வேலை கொடுப்பவரின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. வாரத்தில் ஆறு மணி நேரம் ஓர் ஆள் லைனில் இல்லையென்றால் அந்த இடத்தை யார் நிரப்புவது? படித்து முடித்ததும் அந்தப் பிள்ளை ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடிவிட்டால்? முதல் கேள்விக்கு என் பதில்: படிப்பின் செயல்திட்டம் அந்த நிறுவனத்தின் சொந்த வேலையாகவே இருக்கட்டும். அடுத்த ஷட்டவுனுக்கான அட்டவணை, புதிய கொட்டகை எழுப்பும் வேலை, ஓர் இயந்திரத்தை இடம் மாற்றும் வேலை, எதுவானாலும் சரி. ஆறு மணி நேரத்தின் பயன் அங்கேயே திரும்பி வந்துவிடும். இரண்டாவது கேள்விக்குச் சட்டத்தின் மறுபக்கத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் ஆகார் என்கிறது 18-ஆம் பிரிவு. முடித்தவருக்கு வேலை தரும் கட்டாயமும் முதலாளிக்குப் பொதுவாக இல்லை. வேலை உறுதியில்லாதவரிடம் விசுவாசத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமா? தங்க வைக்க விரும்பும் நிறுவனம், எந்தப் பதவி, என்ன சம்பளம் என்பதைச் சேரும் நாளிலேயே எழுதித் தரட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். மாலை வகுப்பு என்ற ஏற்பாடு அவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளியது. இரவு ஒன்பதரைக்கு முடியும் வகுப்பிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பெண் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? பகலில், சம்பள நேரத்தில் வகுப்பு நடந்தால் அந்தத் தாய்க்குச் சொல்ல ஒரு நியாயம் இருக்கிறது. நம் மாவட்டத்து ஆலைகளில் கைதேர்ந்த பெண்கள் அத்தனை பேர் அசெம்ப்ளி லைனில் இருந்தும் திட்டப் பொறுப்புகளில் அரிதாகவே தென்படுவதற்கு இந்த நேரக் கணக்கும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கல்லூரிகளிடமும் ஒரு கேள்வி. தளத்தில் நடப்பதற்கு மதிப்பெண் போட நாம் தயாரா? பழகுநர் எழுதும் தள நாட்குறிப்பை, அவருடைய ஃபோர்மேன் சொல்லும் மதிப்பீட்டை, எழுத்துத் தேர்வுக்குச் சமமாக ஏற்க வேண்டும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஃபோர்மேனுக்கு முனைவர் பட்டம் இருக்காது. அதனால் அவரைத் தேர்வாளராக ஏற்க விதி இடம் தராது என்றால், விதியைத் திருத்தக் கேட்போம். ஆசிரியரும் ஒரு ஷட்டவுன் முழுக்கத் தலைக்கவசத்தோடு ஆலையில் இருந்து பார்க்கட்டும்.

கடைசியாக, எல்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் தமிழகத்தோடு சேர்ந்தது முதல் இந்தப் பகுதி இரு மொழியும் இரு மாநிலமும் கலந்து வாழ்கிறது. இங்கே படித்து ஸ்ரீசிட்டியில் வேலை பார்ப்பவரின் ஒப்பந்தம் எந்த மாநிலத்துக் கணக்கில் வரும் என்று பிள்ளைகள் குழம்ப வேண்டாம். சென்னைத் தரமணியிலுள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியத்தின் எல்லைக்குள் தமிழ்நாடும் ஆந்திரமும் அடக்கம். ஆனால் வேலை பார்ப்போருக்கான பி.இ. படிப்பு, பணியிடத்துக்கும் கல்லூரிக்கும் இடையே 50 கிலோமீட்டர் வட்டம் என்ற வரம்போடு தொடங்கியது. சென்னைக்கு வெளியே சிதறிக் கிடக்கும் தொழிற்பேட்டைகளுக்கு அந்த வட்டம் எப்படிப் பொருந்தும் என்பதை வரைபடத்தை விரித்து வைத்துப் பேச வேண்டும். பிற்பகல் அமர்வின் பொருள் அதுதான்.

முற்பகல் அமர்வுக்கு ஒரு வரைவு ஒப்பந்தம் உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் படிப்பு நேரத்துக்கான பத்தியில் எண் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். ஆறு என்று எழுதுவீர்களோ, எட்டு என்று எழுதுவீர்களோ, வேலை கொடுப்பவரும் கல்லூரியும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பழகுநர்களும் சேர்ந்து வாதாடி இன்று மாலைக்குள் நிரப்புங்கள். பழகுநர்கள் தயவுசெய்து முன்வரிசைக்கு வாருங்கள். முதலில் பேச வேண்டியவர்கள் நீங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.