மடைக்குப் பொறுப்பு யார்?

அரசின் அடுக்குகளிடையே அதிகாரப் பகிர்வு பற்றிய இக்கருத்தரங்குக்குத் தலைமை தாங்க என்னை அழைத்திருக்கிறார்கள். அரசியலமைப்பைப் புரட்டுமுன் ஓர் ஏரிக்கரையில் சற்று நிற்போம்.

தமிழ்நாட்டில் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஏரி கிடக்கும் புறம்போக்கு வருவாய்த் துறைக் கணக்கில். உள்ளே நிற்கும் கருவேலங்காடு பல ஊர்களில் வனத்துறை வளர்த்தது. வண்டல் அள்ளத் தனி அனுமதி, மீன் குத்தகைக்குத் தனி ஏலம்.

ஓர் ஐப்பசியில் எங்கள் ஊர் ஏரியின் மடைக்கதவு துருவேறி மூட முடியாமல் நின்றுவிட்டது. மனுவோடு மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் மரியாதையாகவே சொன்னார்கள்: "இது எங்க வரம்புல இல்லீங்க." கடைசியில் வைக்கோற்பிரியும் மணல்மூட்டையும் வைத்து அடைத்தவர் வயல்களுக்கு நீர் பங்கிடும் ஊர் நீர்க்கட்டி. அவர் எந்தத் துறையின் சம்பளப் பட்டியலிலும் இல்லாதவர்.

இனி அரசியலமைப்புக்கு வருவோம். அதன் ஏழாம் அட்டவணையில் நீரும் பாசனமும் மாநிலப் பட்டியலின் 17ஆம் இனம். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு என்றால் ஒன்றியப் பட்டியலின் 56ஆம் இனம் குறுக்கே வரும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம், ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் சிறுபாசனத்தையும் சேர்த்தது. ஆனால் 243ஜி பிரிவின்படி அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் 'அளிக்கலாம்'; அளித்தே தீர வேண்டும் என்றில்லை. 1976இல் 42ஆம் திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு எடுத்துக்கொண்டபோது இந்த 'லாம்' இல்லை. மேலே போவது கட்டளையாகப் போகிறது. கீழே வருவது விருப்பமாக வருகிறது. டெல்லியிடம் சென்னை கேட்கும் தன்னாட்சியை, சென்னையிடம் ஊராட்சியும் கேட்காதா?

உத்திரமேரூரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது என்று எதிர்பார்ப்பீர்கள். அங்குள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பேசுகிறது. அந்த ஊரை ஆண்டது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அங்கே இடம். அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. எனினும் ஒரு விதி மட்டும் இன்றும் உறுத்துகிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி தேர்வுக்கான குடவோலையில் ஏறாது. வேலையைக் கொடுத்தபோதே கணக்குக் கேட்கும் வழியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நாம் அதிகாரத்தைப் பட்டியல் போட்டுப் பங்கிட்டோம். பதில் சொல்லும் கடமையைப் பங்கிடவில்லை. கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வோர் அமர்விலும், ஒரு பொருள் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கான நிதி யார் கையில், ஆள் யார் கட்டுப்பாட்டில், தவறினால் ஊரார் யாரைக் கேட்பது என்பதையும் எழுதுங்கள். எங்கள் ஊர் மடையில் அந்த மணல்மூட்டை இன்னும் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கதவு போடவேண்டியவர் யார் என்று இக்கருத்தரங்கின் இரண்டு நாளில் உங்களால் சொல்ல முடிந்தால், நான் ஊருக்குப் போய் அவரிடம் மனுக் கொடுப்பேன்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.