கீழூரில் எண்ணிய 178 வாக்குகள்

இன்று சட்டப் பட்டம் பெறும் விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களுக்குப் புதுச்சேரி எல்லை பழகிய ஒன்று. பேருந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் தமிழ்நாடு, புதுச்சேரி என்று பெயர்ப்பலகைகள் மாறி மாறி வரும். வரப்புக்கு இந்தப் பக்கம் ஓர் ஆட்சி, அந்தப் பக்கம் இன்னோர் ஆட்சி. நடவும் அறுப்பும் மட்டும் ஒன்றுதான். 1954 வரை அந்த வரப்புதான் இந்தியாவுக்கும் பிரெஞ்சு ஆட்சிக்கும் இடையே எல்லை.

மக்களின் சுயநிர்ணய உரிமை இந்த மண்ணில் செயல்பட்ட இடம் புதுச்சேரியின் கீழூர். சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமில்லாமல் எந்த நிலப்பகுதியையும் கைமாற்றக் கூடாது என்றது 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பு. அதன்படி 1949 ஜூனில், வங்கத்தில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்திரநாகூரின் மக்கள் இந்தியாவோடு இணைவது பற்றி நேரடியாக வாக்களித்தார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் மக்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவேறியது.

முடிவு சரியானது. ஆனால் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. சட்டம் படித்தவர்கள் இதைக் கண்டும் காணாமல் போகக் கூடாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது இந்தியா–பிரான்ஸ் இணைப்பு ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவு: அங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம். பிரெஞ்சு அதிபர் தேர்தலில் இன்றும் வாக்களிக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் பல அப்படி வந்தவைதான்.

எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்று 1960இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது, அதே தீர்மானம் நாடுகளின் எல்லையைக் குலைக்கக் கூடாது என்றும் சொன்னது. 1979இல் மனித உரிமை உடன்படிக்கைகளில் சேர்ந்த இந்தியா, இவ்வுரிமை அந்நிய ஆட்சியின் கீழுள்ளவர்களுக்கே பொருந்தும் என்று அறிவித்தது. பிரான்ஸ் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது.

ஈழத் தமிழர் சிக்கிக்கொண்டது இந்த இடுக்கில்தான். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாடு கோரித் தீர்மானம் போட்டார்கள், 1977 தேர்தலில் அதற்கு வாக்குகளையும் தந்தார்கள். கீழூர் போன்ற ஒரு நாள் அவர்களுக்கு வரவே இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், இதே விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டில் அவர்களுடைய அகதி முகாம் இருக்கிறது. 1987 ஜூலை முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கும், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லையென்றால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. அங்கே போய் உட்கார்ந்து ஆவணங்களைப் புரட்டி, மனு எழுதித் தர இந்த மாவட்டத்துப் பட்டதாரிகள் வேண்டும்.